வாவிப் படத்தில் தோணியை ஓடவிட: ஜாவாஸ்கிரிப்டையும் அசைவூட்டத்தையும் இணைக்கும் வழி

கல்லடியில் ஒரு பாடசாலைக் கண்காட்சிக்காக மட்டக்களப்பு வாவியின் படத்தை இணையப்பக்கமாகச் செய்து தரும்படி கேட்டார்கள். தோணியைத் தொட்டால் அது புறப்பட வேண்டும். பாலத்தின் கீழே மீனைத் தொட்டால் ஓசை எழ வேண்டும். முகத்துவாரத்து வெளிச்சவீட்டைத் தொட்டால் ஒளி சுழல வேண்டும். ஒரு வாரத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வாரம் சென்றது. நிரல் எழுதியது அதில் ஒரு வாரம்தான். மற்ற நாட்களெல்லாம் முன்கூட்டி ஒருவர் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல்களில் போயின. அந்த நாட்கள் உங்களுக்கு மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டிலும் ஒரு சாதாரண பக்கம் அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் மாறி, செயற்கூறு, நிகழ்வைக் கேட்டல் ஆகிய மூன்றும் புரிந்தால் போதும். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சிட வேண்டும்.

1. யாருக்கு எந்த வேலை என்று முதலில் பிரியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள். உருவத்தை வைத்திருப்பது எஸ்விஜி (கோடுகளும் வடிவங்களும் உரையாக எழுதப்பட்ட பட வகை) படத்தின் வேலை. அசைப்பது சிஎஸ்எஸ்ஸின் வேலை. எப்போது, எதை, எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பது ஜாவாஸ்கிரிப்டின் வேலை. நான் முதலில் எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டின் தலையில் ஏற்றினேன். அலையும் அதுவே, தோணியும் அதுவே, மேகமும் அதுவே. என் மடிக்கணினியில் ஓடியது. மாணவர் ஒருவரின் கைத்தொலைபேசியில் திக்கித் திக்கி நின்றது.

ஒரு தாளை எடுத்து நான்கு நெடுவரிசையாகக் கோடிடுங்கள்: பொருள், எது தூண்டும், எது அசையும், எங்கே நிற்கும். 'தோணி – தொடுதல் – பாதை வழியே நகர்தல் – மறுகரை' என்பது ஒரு வரி. 'அலை – எதுவும் வேண்டாம் – மேலும் கீழும் ஆடுதல் – நிற்காது' என்பது இன்னொரு வரி. தூண்டுதல் தேவைப்படாத வரிகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டவே வேண்டாம். சிஎஸ்எஸ் அவற்றைத் தானாக ஓட்டும். இந்தத் தாளுக்கு ஒரு மாலை நேரம் கொடுங்கள். பின்னர் ஒரு வாரம் மீதமாகும்.

கான்வாஸ், அதாவது ஜாவாஸ்கிரிப்டால் வரையும் வெற்றுப் பரப்பு, எப்போது வேண்டும்? மழைத்துளி, பறவைக் கூட்டம் போன்று நூற்றுக்கணக்கான சிறு பொருட்கள் அசைய வேண்டுமானால் அதுவே நல்லது. ஆனால் கான்வாஸில் வரைந்ததும் எல்லாம் வெறும் நிறப்புள்ளிகளாகிவிடும். எந்த மீன் தொடப்பட்டது என்று நீங்களே கணக்கிட வேண்டும். எஸ்விஜியில் ஒவ்வொரு மீனும் தனி உறுப்பு. தொட்டால் அதுவே பதில் சொல்லும். பொருட்கள் சில பத்து மட்டுமே என்றால் எஸ்விஜியோடு நில்லுங்கள்.

ஜிசாப் போன்ற அசைவூட்ட நூலகங்கள், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள், பற்றி எல்லோரும் கேட்பார்கள். நல்ல நூலகம், 2025 இல் அதன் எல்லாத் துணைக்கூறுகளும் இலவசமாக்கப்பட்டன. என்றாலும் முதல் வேலையை நூலகம் இல்லாமல் செய்யுங்கள் என்பதே என் கருத்து. இல்லாவிட்டால் உலாவி தானாகவே என்னவெல்லாம் செய்து தருகிறது என்பது கடைசிவரை தெரியாது.

2. அனுமதிகளையும் ஆவணங்களையும் முதல் நாளே எடுங்கள்

வேலை முடிந்த பிறகு அனுமதி கேட்பது மிகவும் சங்கடமானது. கிடைக்காவிட்டால் படத்தையே மாற்ற வேண்டிவரும். நான் கோப்புறையில் வைத்தவை இவை:

- ஓவியரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம். படத்தை இணையத்தில் வெளியிடவும், துண்டுகளாகப் பிரிக்கவும், அசைக்கவும் அனுமதி என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். இலங்கையில் பதிப்புரிமை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. வாய்ச்சொல் போதாது.
- எழுத்துருவின் உரிமக் கோப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டுமரான், ஹிந்த் மதுரை ஆகியவை திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன, காசு இல்லை. உரிமக் கோப்பையும் எழுத்துருவோடு சேர்த்து வையுங்கள்.
- வாவியின் கரைக்கோட்டை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்தால், தரவு அதன் பங்களிப்பாளர்களுடையது என்று பக்கத்தில் தெரியும்படி எழுத வேண்டும். இது அவர்கள் உரிமத்தின் நிபந்தனை.
- பிள்ளைகளின் குரலைப் பதிவுசெய்தால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம்.

இவற்றைச் சேர்க்க எனக்கு எட்டு நாள் எடுத்தது. பெற்றோரின் கையெழுத்துக்காகக் காத்திருந்த நாட்களே அதிகம். அந்த நாட்களில் அடுத்த படியை நீங்கள் செய்துகொண்டிருக்கலாம்.

3. படத்தைத் துண்டு துண்டாக, பெயரோடு வரையுங்கள்

பாதி வேலை இங்கேதான் முடிகிறது. இங்க்ஸ்கேப் இலவச வரைதல் மென்பொருள், அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அசைய வேண்டிய ஒவ்வொன்றும் தனிக் குழுவாக இருக்க வேண்டும். தோணி ஒரு குழு, துடுப்பு அதனுள் இன்னொரு குழு. வெளிச்சவீட்டுக் கோபுரம் வேறு, ஒளிக்கற்றை வேறு. எல்லாவற்றையும் ஒரே தாளில் ஒட்டி வரைந்துவிட்டுப் பிறகு பிரிக்கப் போனால் தோணியின் அடியில் தண்ணீர் வெட்டுப்பட்டு வரும்.

முதல் பொறி பெயரில் இருக்கிறது. இங்க்ஸ்கேப்பின் அடுக்குப் பலகையில் 'தோணி' என்று நீங்கள் எழுதுவது வெறும் சிட்டை. ஜாவாஸ்கிரிப்ட் தேடுவது அடையாளத்தை, அதாவது ஐடியை. அது பொருளின் பண்புகள் பலகையில் தனியே இருக்கிறது. அங்கே போய் எழுதி, 'அமை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இதை அறியாமல், நிரலில் பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன்.

இரண்டாவது பொறி கோப்பைச் சுருக்கும்போது வருகிறது. எஸ்விஜிஓ போன்ற கருவி கோப்பை நன்றாகச் சிறிதாக்கும். ஆனால் அதன் இயல்பமைப்பு அடையாளங்களையும் சுருக்கும், பயன்படாதவை என்று கருதினால் நீக்கிவிடும். அடையாளங்களைத் தொடாதே என்று அமைத்துவிட்டுச் சுருக்குங்கள்.

மூன்றாவது பொறிதான் எல்லோரையும் வீழ்த்துவது. இங்க்ஸ்கேப்பில் ஒரு குழுவை நகர்த்தினால், அந்த நகர்வு குழுவின் டிரான்ஸ்ஃபார்ம் (இடம், சுழற்சி, அளவு ஆகியவற்றை மாற்றும்) பண்பில் எழுதப்படும். பிறகு நீங்கள் சிஎஸ்எஸ்ஸில் அதே குழுவுக்கு டிரான்ஸ்ஃபார்ம் கொடுத்தால், சிஎஸ்எஸ் பழையதை அழித்துவிட்டு உட்காரும். தோணி வாவியை விட்டுப் படத்தின் மூலைக்குப் பாயும். தீர்வு எளிது: அசைய வேண்டிய ஒவ்வொரு குழுவையும் இன்னொரு வெற்றுக் குழுவுக்குள் வையுங்கள். உள்ளே இருப்பது இடத்தைப் பிடித்திருக்கும். வெளியே இருப்பதை மட்டும் அசையுங்கள்.

சுழற்றும்போது இன்னொன்று. எஸ்விஜியில் சுழற்சியின் மையம் இயல்பாகப் படத்தின் மேல் இடது மூலை. வெளிச்சவீட்டு ஒளி தன் கோபுரத்தைச் சுற்றாமல் ஊரையே சுற்றிவரும். சிஎஸ்எஸ்ஸில் டிரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸ் என்பதை ஃபில்-பாக்ஸ் என்றும், டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜின் என்பதைச் சுழலவேண்டிய புள்ளி என்றும் கொடுங்கள்.

திரையின் வடிவையும் இப்போதே யோசியுங்கள். நம் வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை நீண்டு கிடப்பது. நிமிர்த்திப் பிடித்த கைத்தொலைபேசிக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. கண்காட்சிக்கு வைத்த அகலத் திரையில் இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடந்தது. அகலத் திரைக்குப் புளியந்தீவையும் கல்லடிப் பாலத்தையும் மட்டும் நெருக்கிக் காட்ட, படத்தின் எந்தப் பகுதி தெரியும் என்று சொல்லும் எஸ்விஜியின் வியூபாக்ஸ் எண்களை மாற்றினாலே போதும். இரண்டு படம் வரையத் தேவையில்லை.

4. படத்தைப் பக்கத்தில் சரியாகப் பொருத்துங்கள்

இமேஜ் குறிச்சொல்லில் எஸ்விஜியை வைத்தால் படம் தெரியும், ஜாவாஸ்கிரிப்டால் உள்ளே நுழைய முடியாது. எஸ்விஜியின் உரையை அப்படியே எச்டிஎம்எல்லுக்குள் ஒட்டுங்கள். இரண்டு படங்களை ஒட்டினால் இரண்டிலும் ஒரே அடையாளம் இல்லை என்று பாருங்கள். ஒன்றின் வண்ணச் சாயல் மற்றதில் போய் ஏறும்.

நிரல் கோப்பை அழைக்கும் வரியில் டிஃபர் என்ற சொல்லைச் சேருங்கள். இல்லாவிட்டால் தோணி பக்கத்துக்கு வந்து சேருமுன் நிரல் ஓடிப்போய், தோணியைக் காணவில்லை என்று நின்றுவிடும்.

5. அசைவை எழுதுங்கள்

இயன்றவரை டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி (ஒளிபுகாமை) இரண்டை மட்டும் அசையுங்கள். லெஃப்ட், டாப், அகலம், உயரம் ஆகியவற்றை அசைத்தால் உலாவி ஒவ்வொரு முறையும் பக்கத்தின் இட ஒதுக்கீட்டைத் திரும்பக் கணக்கிடும். மலிவான கைத்தொலைபேசி அதைத் தாங்காது.

தோணியைப் பாதையில் ஓட்ட ஆஃப்செட்-பாத் என்ற சிஎஸ்எஸ் பண்பு இருக்கிறது. பாதையைக் கொடுத்து, ஆஃப்செட்-டிஸ்டன்ஸை 0 விழுக்காட்டிலிருந்து 100 வரை நகர்த்தினால், தோணி வளைவுக்கேற்பத் தன் முகத்தையும் திருப்பிக்கொள்ளும். சஃபாரியில் இது 16 ஆம் பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. பழைய ஐபோனுக்கு நேர்கோட்டு நகர்வை மாற்றாக வையுங்கள்.

தூண்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வகுப்புப் பெயரைச் சேர்க்கும், சிஎஸ்எஸ் அசைக்கும். ஒருமுறை மட்டும் நடப்பதற்கு இது போதும். திரும்பத் திரும்பத் தொட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் இது ஏமாற்றும்: வகுப்பை எடுத்துவிட்டு உடனே சேர்த்தால் உலாவிக்கு எந்த மாற்றமும் தெரியாது. அங்கே உறுப்பின் அனிமேட் என்ற செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். அது ஒரு பொருளைத் திருப்பித் தரும். அதைக்கொண்டு நிறுத்தலாம், தொடரலாம், பின்னோக்கி ஓட்டலாம், வேகத்தை மாற்றலாம், முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கலாம். எனக்கு இதுவே பெரிய கண்திறப்பு. தோணி பாதிவழியில் இருக்கும்போது பிள்ளை மறுபடி தொட்டால் அது திரும்பிக் கரைக்கு வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் நாற்பது வரி எழுதித் தோற்ற வேலையை ரிவர்ஸ் என்ற ஒரு சொல் செய்தது.

முடிந்த நிலையிலேயே நிற்கட்டும் என்று அனிமேட்டின் ஃபில் என்ற அமைப்புக்கு ஃபார்வர்ட்ஸ் கொடுப்பீர்கள். அதன்பின் நீங்கள் எழுதும் டிரான்ஸ்ஃபார்ம் எதுவும் வேலை செய்யாது. முடிந்துபோன அசைவு மேலே அமர்ந்து மறைத்துக்கொண்டிருக்கும். இறுதி நிலையை உறுப்பில் முதலில் எழுதிவிட்டு, பிறகு அசைவை ஓடவிடுங்கள்.

விரலைத் தொடர்ந்து மீன் நீந்துவது போன்ற, கணத்துக்குக் கணம் கணக்கிட வேண்டிய அசைவுக்கு மட்டுமே, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நிரலை அழைக்கும் ரிக்வெஸ்ட்-அனிமேஷன்-ஃபிரேமைப் பயன்படுத்துங்கள். குறித்த இடைவெளியில் அழைக்கும் செட்-இன்டர்வல் வேண்டாம். இங்கே புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று: ஒவ்வொரு சட்டகத்துக்கும், அதாவது திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறைக்கும், 2 பிக்சல் என்று நகர்த்துவது. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் அது 120 பிக்சல். 120 முறை புதுப்பிக்கும் புதிய திரையில் 240. ஒரே மீன் ஒருவரிடம் நீந்தும், இன்னொருவரிடம் பறக்கும். உலாவி தரும் நேர முத்திரையைக் கழித்துப் பார்த்து, கடந்த நேரத்துக்கு ஏற்ப நகர்த்துங்கள். வேறு தாவலுக்குப் போய்த் திரும்பினால் கடந்த நேரம் பெரிதாக வரும். அதற்கு ஓர் உச்ச எல்லை வையுங்கள்.

6. விரலும் ஓசையும்

சுட்டியை மேலே கொண்டுபோனால் நிகழ்வது எதையும் முக்கியமானதாக வைக்காதீர்கள். நம் ஊரில் பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான் பார்ப்பார்கள். விரலுக்கு 'மேலே நிற்றல்' கிடையாது. பாயின்டர் நிகழ்வுகளைப் பயன்படுத்தினால் சுட்டி, விரல் இரண்டுக்கும் ஒரே நிரல் போதும். இழுக்கும் பொருளுக்கு டச்-ஆக்ஷன் என்பதை நன் என்று கொடுக்காவிட்டால் மீனோடு பக்கமும் நகரும்.

மீன் சிறியது, பிள்ளையின் விரல் அதைப் பிடிக்காது. மேலே கண்ணுக்குத் தெரியாத பெரிய வட்டம் ஒன்றை வையுங்கள். அந்த வட்டத்தின் நிரப்பை நன் என்று கொடுத்தால் தொடுதல் அதன் ஊடாகக் கீழே போய்விடும். டிரான்ஸ்பேரன்ட் என்று கொடுக்க வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், உலாவிக்கு இல்லை.

ஓசை, பார்ப்பவர் ஒருமுறை தொடும்வரை ஒலிக்காது. எல்லா உலாவிகளும் அப்படித்தான் தடுக்கின்றன. பக்கம் திறந்ததும் பாடும் மீன்களின் ஓசை வர வேண்டும் என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு, 'வாவிக்குள் இறங்குங்கள்' என்று முகப்பில் ஒரு பொத்தான் வையுங்கள். அந்தத் தொடுதலே அனுமதியாகும்.

7. தமிழ் எழுத்தை உடைக்காதீர்கள்

வெளிநாட்டுப் பாடங்களில் தலைப்பை எழுத்தெழுத்தாக வரச் செய்யும் உத்தி எல்லாவற்றிலும் இருக்கும். அதை அப்படியே தமிழுக்குப் போடாதீர்கள். 'மட்டக்களப்பு' என்பதில் நமக்கு எட்டு எழுத்து. கணினிக்கோ அது பன்னிரண்டு குறியீடு. புள்ளியும் உகரக் குறியும் தனியே வந்து, புள்ளிவட்டத்தோடு திரையில் நிற்கும். நம் ஊரின் பெயரை அந்தக் கோலத்தில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. இன்டல்-செக்மென்டர் என்ற வசதி எழுத்தை நாம் எண்ணுவதுபோலவே பிரித்துத் தரும்; ஃபயர்ஃபாக்ஸில் அது 125 ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் மட்டும் நீங்களே சேர்த்துவைக்க வேண்டும். என்னைக் கேட்டால், எழுத்தாக அசைப்பதைவிடச் சொல்லாக அசைப்பது அழகு, படிக்கவும் எளிது.

பழைய ஆவணங்களிலிருந்து உரை வாங்கினால் அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகு ஒரு முறை வாசித்துப் பிழை திருத்துங்கள். எழுத்துருக் கோப்பைச் சிறிதாக்கும்போது எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் அட்டவணைகளை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் 'கொ'வும் 'கு'வும் சிதையும்.

8. மிக மலிவான கைத்தொலைபேசியில் சோதியுங்கள்

குரோமின் உருவாக்குநர் கருவியில் செயலியின் வேகத்தை நான்கில் ஒன்றாகவும் ஆறில் ஒன்றாகவும் குறைத்துப் பார்க்கலாம். அது தொடக்கத்துக்கு நல்லது. பிறகு வீட்டில் உள்ள ஆகப் பழைய ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்துப் பாருங்கள். வினாடிக்கு 60 சட்டகம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி. என் படத்தில் அதைத் தின்றது அலைகளில் நான் போட்டிருந்த மங்கல் விளைவு. எடுத்தேன், தோணி வழுக்கிக்கொண்டு ஓடியது.

அசைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, தலைசுற்றும். பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன், அதாவது அசைவைக் குறை, என்ற விருப்பத்தை அவர்கள் கைத்தொலைபேசியில் அமைத்திருந்தால் அலையை நிறுத்திவிடுங்கள். ஐந்து வினாடிக்கு மேல் தானாக ஓடும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் கொடுங்கள். வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது; வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து. வெளிச்சவீட்டு ஒளியை நான் மிக மெதுவாகவே சுழலவிட்டேன்.

9. செலவும் வலையேற்றமும்

மென்பொருளுக்கு ஒரு சதமும் தேவையில்லை. வலையேற்ற, கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை பொதுவில் உள்ள கோப்புகளுக்கு இலவசம்; தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். கிளவுட்ஃபிளேர் பேஜஸும் இலவசம். ஒரு கோப்பு 25 எம்பியைத் தாண்டக் கூடாது. சொந்த முகவரி வாங்குவதுதான் உண்மையான செலவு. முதல் ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்து வாங்காதீர்கள், புதுப்பிக்கும் கட்டணத்தைக் கேளுங்கள். வெளிநாட்டுச் சேவையில் வாங்கினால் வங்கி அட்டையில் இணையவழிக் கொடுப்பனவு இயங்குகிறதா என்று முன்பே உறுதிசெய்யுங்கள். கணக்கைப் பாடசாலையின் மின்னஞ்சலில் திறவுங்கள், உங்களுடையதில் அல்ல. நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போனாலும் படம் அங்கேயே இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு பார்ப்பவருடைய டேட்டா. 4 எம்பி பக்கத்தை நாற்பது பிள்ளைகள் திறந்தால் 160 எம்பி. அது பெற்றோரின் காசு. ஓசையைச் சுருக்கி, எஸ்விஜியைச் சுருக்கி, பக்கத்தை 600 கேபிக்குள் கொண்டுவர எனக்கு இரண்டு இரவு எடுத்தது.

வலையேற்றியதும் படம் காணாமற்போனால் கோப்பின் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, சேவையகத்தில் வேறு. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில் வையுங்கள். கிட்ஹப் பேஜஸில் மாற்றம் தெரிய பத்து நிமிடம்வரை ஆகலாம், பதறாதீர்கள்.

10. பழைய ஃபிளாஷ் கோப்பு கையில் இருந்தால்

பல பாடசாலைகளில் குறுந்தட்டில், ஃபிளாஷ் என்ற பழைய அசைவூட்டத் தொழில்நுட்பத்தில் செய்த பாடங்கள் இருக்கின்றன. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 உடன் முடிந்தது. உலாவிகள் அதைத் திறக்காது. ரஃபிள் என்ற திறமூல ஓட்டி பல கோப்புகளை அப்படியே ஓட்டும், குறிப்பாக ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்ஷன்ஸ்கிரிப்டின் பழைய பதிப்புகளில் எழுதியவற்றை. ஓடாதவற்றிலிருந்து ஜேபெக்ஸ் என்ற இலவசக் கருவியால் படங்களை எஸ்விஜியாகப் பிரித்தெடுத்து, மேலே 3 ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.

11. கண்காட்சி நாளுக்கு

மண்டபத்தில் இணையம் இருக்காது என்று வைத்தே தயாராகுங்கள். எழுத்துரு, ஓசை, நூலகம் எதையும் வெளியிலிருந்து அழைக்காமல் ஒரே கோப்புறையில் வையுங்கள். கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் சில வசதிகளை உலாவி தடுக்கும்; மொட்யூலாக, அதாவது ஒன்றையொன்று அழைக்கும் தனிக் கோப்புகளாக, எழுதிய நிரல் ஓடாது. ஒன்றில் நிரலைச் சாதாரண கோப்பாக எழுதுங்கள், அல்லது கணினியிலேயே சிறு சேவையகம் ஒன்றை இயக்குங்கள். முதல் நாள் வீட்டில் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு தடவை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் தோணி தானாகக் கரைக்குத் திரும்பும்படி நிரலில் ஒரு வரி வையுங்கள்; அடுத்து வரும் பிள்ளைக்குப் படம் முதலிலிருந்து கிடைக்கும். உலாவியை முழுத்திரையில் வைத்து, மின்வெட்டுக்கு மடிக்கணினியின் பட்டரியை நிறைத்துக்கொண்டு போங்கள்.